பதினாலாவது கல்

அத்தியாயம் 9

மதுரையிலிருந்து விடியற்காலை பஸ்சில் கிளம்பிய பிச்சைமணி, போடி கடைத்தெருவில் வழி கேட்டுச் சோலைமலையின் வீட்டை அடைந்தபோது மணி ஒன்பதாகிவிட்டது. கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

நகையில் பதித்த கல்லைக் கழற்றாமலே எடை சொல்லுவது பிச்சைமணியின் தொழில். அவரை யாரும் சந்தோஷமான வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. அதனால் அந்த மௌனம் அவருக்குப் புதிதாக இல்லை.

"தோடு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

செல்லக்கிளி மடியிலிருந்த சிவப்புத் துணி முடிச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவளுக்கும் அவள் அண்ணன் சோலைமலைக்கும் தாயான அன்னக்கொடி இறந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. கண்ணை மூடுமுன், தன் ஏழுகல் வைரத்தோடு மகளுக்குத்தான் என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். தோடு செல்லக்கிளி வாழ்க்கைப்பட்ட ஊரான தேவாரத்துக்குப் போயிற்று. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. தோடு வாங்கிய அன்றைக்குக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டில், பதினாலு கல்லும் சேர்ந்து நாலு காரட் ஆறு சென்ட் என்று இருந்தது. செல்லக்கிளியின் புருஷன் மொக்கையன் தோட்டை ஒரு நகைக்காரரிடம் காட்ட, அவர் மூணே கால் காரட்டுக்கு மேல் தேறாது என்றுவிட்டார்.

கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்த அன்னக்கொடியை மலைத்தோட்டத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் மருமகள் வேலுத்தாய், சோலைமலையின் மனைவி. செல்லக்கிளி போன வாரம் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மதினி, ஆத்தா பொட்டிச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

அந்தக் கேள்வியோடு மலையேறிப் போன வேலுத்தாய், இன்று காலை முதல் ஜீப்பில்தான் கீழே வந்தாள். வந்தவள் அடுக்களை நிலையைப் பிடித்தபடி நிற்கிறாள்.

பிச்சைமணி ஜன்னலோரம் பாயை இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணியை விரித்தார். தோடுகளைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார்.

"கல்லைக் கழட்டித்தான நிறுக்கணும்?" என்றான் மொக்கையன்.

"கழட்டுனா தராசுல வச்சு ஒரு நிமிசத்துல சொல்லிரலாம். ஆனா கல்லைத் தங்கத்துல பதிச்ச கட்டடம் பழசு. கழட்டயில கல்லோட ஓரம் செதறிப்போச்சுன்னா யாரு பொறுப்பு? இருக்கிற எடத்துலயே அளந்து சொல்றேன். கல்லுக்கு ஒரு சென்ட் முன்னப்பின்ன இருக்கும். காரட்டுல நூத்துல ஒரு பங்கு. அவ்வளவுதான்."

"முந்தி பாத்தவரும் அளந்துதான் சொன்னாரு."

"எதை வச்சு அளந்தாரு?"

"பித்தளைத் தகடு. வரிசையா ஓட்டை போட்டிருந்துச்சு. கல்லு எந்த ஓட்டைக்குச் சரியா இருக்கோ, அந்த ஓட்டைக்கு எழுதுன எடைதான்னாரு."

பிச்சைமணி சிரிக்கவில்லை. "அது கல்லோட முகத்தை மட்டும் அளக்கும் தம்பி. கொடத்தோட வாயைப் பாத்து உள்ள எம்புட்டுத் தண்ணி புடிக்கும்னு சொல்ல முடியுமா? இந்தக் காலத்துக் கல்லை ஆழம் கொறைச்சு வெட்டுறாங்க. அந்தக் காலத்துக் கல்லு குண்டுக் கொடம் மாதிரி. அகலம் கொஞ்சம், ஆழம் ஜாஸ்தி."

செல்லக்கிளி தலை நிமிர்ந்தாள். அடுக்களை நிலையில் வளையல் ஒலித்தது.

ஒவ்வொரு கல்லின் பின்னாலும் வெளிச்சம் போவதற்கென்று தகட்டில் ஊசித் துவாரம் இருந்தது. பிச்சைமணி எஃகு அளவுகோலின் தாடைக்குள் தோட்டை நிறுத்திக் கல்லின் முகத்திலிருந்து பின்தகடு வரை கனத்தை அளந்தார். பிறகு மெல்லியதாகச் சீவிய ஈர்க்கைத் துவாரத்துக்குள் விட்டார். ஈர்க்கு கல்லின் அடிமுனையில் முட்டி நின்றது. நின்ற இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, அதை எடுத்து அளந்தார். மொத்தக் கனத்தில் இதைக் கழித்தால் மிச்சம் கல்லின் ஆழம். முகத்தின் அகலத்தையும் அளந்து, இரண்டையும் வைத்து எடையைக் கணக்கிட்டார்.

"முதல் கல்லு இருபத்தொம்பது சென்ட்" என்றார்.

மொக்கையன் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தான். இருபத்தொன்பதைப் பதினாலால் பெருக்கினால் சீட்டிலிருந்த நாலு காரட் ஆறு சென்ட் அப்படியே வந்தது.

இரண்டாவது கல்லும் அதே. மூன்றாவதும் அதே. ஒரு தோடு முடிந்து, அடுத்த தோட்டில் ஆறு கல் முடிந்தது. சோலைமலை தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். தங்கை பக்கம் பேசுவதா, பெண்டாட்டி பக்கம் பேசுவதா என்று தெரியாமல் ஒரு வாரமாக வாயைத் திறக்காமல் இருந்தவன், இப்போது முதல் தடவையாக மனைவி நின்ற பக்கம் திரும்பினான்.

"பாத்தியா செல்லக்கிளி? என்னமோ பேசுனீகளே" என்றான்.

"ஒரு கல்லு பாக்கி இருக்குண்ணே" என்றாள் அவள். ஆனால் குரலில் பழைய சூடு இல்லை.

பதினாலாவது கல்லின் துவாரத்தில் ஈர்க்கு நிற்கவில்லை. மற்றவற்றில் நின்ற இடத்தைத் தாண்டி இன்னும் உள்ளே போய்த்தான் முட்டியது. கல்லுக்கு ஆழம் குறைவு.

பிச்சைமணி இரண்டு முறை அளந்தார். தோட்டை வாயருகே கொண்டுபோய் ஊதினார். பதின்மூன்று கல்லில் படிந்த மூச்சு கண்ணிமைக்குமுன் மறைந்தது. பதினாலாவது கல் மட்டும் மார்கழிப் பனி போட்ட கண்ணாடியாக மங்கி, மெதுவாகத் தெளிந்தது.

"இது வைரம் இல்ல. வெள்ளைப் புஷ்பராகம். சுத்தியிருக்கிற தங்கமும் வேற கை வேலை. மூணு நாலு வருசத்துக்குள்ள யாரோ தொறந்து மாத்திக் கட்டியிருக்காங்க. மத்த பதிமூணும் சுத்தமான கல்லு. சீட்டுக்குக் கொறையிறது ஒரே ஒரு கல்லுதான்."



ஒரு கல். காரட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வார வசைக்கு முன்னால் அது சின்னதுதான். மொக்கையனே, "சரி, பழைய நகை. எந்தக் காலத்துல எவன் மாத்துனானோ" என்று எழுந்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து, மூளிக் காதோடு வந்தவள் என்று அவன் தாய் செல்லக்கிளியைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாயை அடைக்க அவனுக்குத் தோடு வேண்டியிருந்தது. தோடு இப்போது கைக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் வேலுத்தாய் அடுக்களை நிலையைவிட்டு வந்தாள். மெதுவாகப் பாயோரம் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோய், மூக்குத்தியின் திருகைத் தளர்த்திக் கழற்றினாள். வெள்ளைத் துணியில் வைத்தாள்.

"ஐயா, இதையும் ஊதிப் பாருங்க."

"வேலு!" என்றான் சோலைமலை.

"பாக்கட்டும். மூணு வருசமா இது என் மூக்குல இருக்கு. மூணு நாலு வருசத்துக்குள்ள மாத்துன கல்லுன்னு அவர் சொல்றாரு. எனக்கு மனசு என்னமோ பண்ணுது."

பிச்சைமணி ஊதினார். மூச்சு நிற்கவே இல்லை. அளவுகோலை வைத்தார். அகலம் அதே, ஆழம் அதே. அவர் நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷத் தொழிலில், தன்னைத்தானே காட்டிக்கொடுத்த ஒருவரை அவர் பார்த்ததில்லை.

"இருபத்தொம்பது சென்ட், தாயி. அந்தக் கல்லேதான்."

மொக்கையனின் முகம் மாறிவிட்டது. "பாத்தீகளா மச்சான்? கல்லு வீட்டுக்குள்ளயேதான் இருந்திருக்கு!"

"அத்தைதான் போட்டுவிட்டாக. வெள்ளைக்கல்லுன்னு சொன்னாக. நான் நம்பிக்கிட்டேன்" என்றாள் வேலுத்தாய். "வைரம்னு தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன்."

"செத்தவுக வந்து சாட்சி சொல்ல மாட்டாகன்னு தைரியம்" என்றான் மொக்கையன்.

செல்லக்கிளி மூக்குத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருட்டு என்றால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். ஆத்தாவே எடுத்து, மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மருமகளுக்குப் போட்டுவிட்டாள் என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"எதுக்குப் போட்டுவிட்டாக மதினி?"

வேலுத்தாய் மூக்குத்தியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எதுக்குன்னு கேக்குறேன்ல? என் தோட்டைப் பிரிச்சு ஒங்களுக்குக் குடுக்கிற அளவுக்கு ஆத்தாவுக்கு என்ன வந்துச்சு?"

"அதை விட்டுரு தாயி. மூக்குத்திய எடுத்துக்க. கல்லைத் திரும்பவும் தோட்டுல கட்டிப் போட்டுக்க. இத்தோட முடிச்சுக்கிருவோம்."

"எப்பிடி முடியும்? யாரு கூட இருந்தா, போட்டுவிட்டப்ப?"

வேலுத்தாய் சொன்னாள்: "குருவம்மா இருந்தா."

குருவம்மாள் மலைத்தோட்டத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். செல்லக்கிளி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

"பதினொரு மணி ஜீப்புக்கு நான் மேல போறேன். நீங்களும் வாங்க மதினி. உங்க முன்னாலயே கேக்குறேன்."

"போயிட்டு வா" என்றான் மொக்கையன். "அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அந்தப் பொம்பளையோட நீ வரலைன்னா, தோடு, மூக்குத்தி, சீட்டு மூணையும் எடுத்துக்கிட்டு நேரா டேசனுக்குத்தான் போவேன். மச்சான் மொகம் எல்லாம் பாக்க மாட்டேன்."

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப் மலையேறத் தொடங்கியதும் தூறல் பிடித்துக்கொண்டது. ஏலம் பறிக்கப் போகிற பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கிளியும் வேலுத்தாயும் தோளோடு தோள் இடித்தபடி உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்தார்கள். வேலுத்தாயின் மூக்கில் வெறும் துவாரம் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. செல்லக்கிளி அதைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தாள்.

போடிமெட்டில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் புகை வாசனையும் காய் வாசனையும் கலந்து அடித்தன. முறத்தை மடியில் வைத்துக் காய் பிரித்துக்கொண்டிருந்த குருவம்மாள், வேலுத்தாயைப் பார்த்தாள். செல்லக்கிளி வாயைத் திறக்குமுன் அவளே கத்தினாள்.

"என்ன தாயி, மூக்கு மூளியா இருக்கு? பெரியம்மா போட்டுவிட்டதைக் கழட்டலாமா? என்ன சொல்லிப் போட்டுவிட்டாக!"

கேள்வியே கேட்காமல் சாட்சி வந்துவிட்டது.

"என்ன சொல்லிப் போட்டுவிட்டாக, குருவம்மா?" என்றாள்.

குருவம்மாள் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "நீ எப்ப வந்த சின்னத்தாயி..." என்று இழுத்தாள்.

"சொல்லாத குருவம்மா" என்றாள் வேலுத்தாய்.

"சொல்லு. என் தோட்டுல ஒரு கல்லு இல்ல. மதினி எடுத்துட்டாகன்னு என் வீட்டுக்காரரு போலீசுக்குப் போக நிக்கிறாரு. அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

குருவம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். போலீசு என்ற வார்த்தைதான் அவள் வாயைத் திறந்தது.

"கல்லை எடுத்தது பெரியம்மாதான். போடிமெட்டுக்கு அங்கிட்டு இருக்கிற பத்தர்கிட்ட நாந்தான் கூடப் போனேன். என் கண்ணு முன்னாலதான் தோட்டைத் தொறந்தாரு. மகளுக்குச் சேர வேண்டியதுல கைவைக்கிறியே ஆத்தான்னு நானே கேட்டேன்."

"ஆத்தா என்ன சொன்னா?"

"ஒனக்குப் புள்ள பொறந்த அன்னைக்கு யாரு வந்தா, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், தேவாரத்தில் அவள் இரண்டு நாள் வலியில் கிடந்தாள். குழந்தை திரும்பவில்லை. தாய் வீட்டு ஆள் ஒருத்தராவது பக்கத்தில் வேண்டும் என்று அழுதாள். ஆத்தா காய்ச்சலில் மலைமேல் கிடந்தாள். அண்ணன் ஏலக்காய் விற்க விருதுநகர் போயிருந்தான். வேலுத்தாய்தான் வந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து வந்தவள், சேலையை மாற்றிக்கொண்டு, குழந்தை பிறக்கிறவரை அவள் கையை விடவே இல்லை.

"மதினி வந்தாக. ஜீப்புல வந்தாக" என்றாள் செல்லக்கிளி.

"ஜீப்பா? அன்னைக்கு ஏது ஜீப்பு? மழையில ரோட்டைச் சாத்திட்டாக. ஏழு மாசத்து வயித்தோட நடந்து எறங்குனா. வேணாம் வேணாம்னு நான் கால்ல விழுந்தேன். எம்புள்ளைக்கு இன்னும் நாளு இருக்கு குருவம்மா, அங்க இப்பவே வேணும்னுட்டுப் போயிட்டா. திரும்பி வந்த நாலாம் நாளு, இந்தா இந்தப் பின்னால இருக்கிற வீட்டுலதான்... ஆம்பளைப் புள்ளை. மூச்சு இல்லாமத்தான் வந்துச்சு."

செல்லக்கிளி வேலுத்தாயைப் பார்த்தாள். வேலுத்தாய் ஏலக்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட... கொறைமாசத்துல தங்கலைன்னு மட்டும்தான சொன்னாக. ரெண்டு மாசம் கழிச்சு..."

"நீ பச்சை உடம்புக்காரி. காதுல போட்டா பால் வத்திரும்னு பெரியம்மா சொல்ல விடல. அப்பறமா, சொன்னா நீ ஒம்புள்ளையப் பாக்குறப்பல்லாம் கலங்குவேன்னு இவ சொல்ல விடல."

குருவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்தர் கடையில பெரியம்மா சொன்னது இதுதான். எம்மக வயிறு நெறையணும்னு எம்மருமக வயிறு எறங்கிப்போச்சு. மக சொத்துல இருந்துதான் எடுத்துக் குடுப்பேன், மக தெரிஞ்சாலும் கோவிக்க மாட்டா. வைரம்னு சொன்னா மருமகதான் வாங்க மாட்டா, அதனால சொல்லாத."

செல்லக்கிளி ஸ்டோர் படியில் உட்கார்ந்தாள். தேவாரத்தில் அவள் மகள் இப்போது மாமியாரோடு விளையாடிக்கொண்டிருப்பாள். மூன்று வயது. தலை நிறைய முடி. வேலுத்தாய் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து அந்த முடியைப் பின்னிவிடுவாள். பின்னி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பின்னலைக் கையிலேயே வைத்திருப்பாள்.

"நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமே மதினி. சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு கேட்டேனே. அன்னைக்காவது என் கன்னத்துல ஒண்ணு போட்டுச் சொல்லியிருக்கலாமே."

"ஒனக்குத் தோடு கொறைஞ்சுச்சு, கேட்ட. எனக்கு அதுல கோவம் இல்ல" என்றாள் வேலுத்தாய். கொஞ்சம் நிறுத்தி, "இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

செல்லக்கிளி எழுந்துபோய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வேலுத்தாய் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

குருவம்மாள்தான் நேரத்தை நினைவுபடுத்தினாள். மூன்று பேரும் போடிமெட்டுக்கு வந்தபோது மூன்று மணி. சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஒன்றும் கிளம்பவில்லை.

"கீழ வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்கு சேச்சி" என்றான் மலையாளி டிரைவர். "நாளைக் காலையிலதான் வழி."

செல்லக்கிளி பள்ளத்தாக்கைப் பார்த்தாள். மேகம் மூடியிருந்தது. தன் புருஷனை அவளுக்குத் தெரியும். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான்.

"மதினி, அன்னைக்கு நீங்க எந்த வழியா எறங்குனீக?"

வேலுத்தாய் சாவடிக்குப் பின்னால் புல்லுக்குள் நுழைந்த ஒற்றையடிப் பாதையைக் காட்டினாள். "முந்தலுக்கு நேரா எறங்கும். ஒனக்குப் பழக்கமில்ல. அட்டை கடிக்கும், வழுக்கும்."

"எறங்குவோம்."

முன்னால் வேலுத்தாய், நடுவில் செல்லக்கிளி, கையில் கம்போடு பின்னால் குருவம்மாள். ஈரப்பாறையில் செல்லக்கிளி இரண்டு முறை விழுந்தாள். முழங்கால் சிராய்த்தது. மூன்றாவது முறை சறுக்கியபோது வேலுத்தாய் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கையை விடவில்லை. ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் இறங்கினார்கள். கீழே முந்தல் பக்கத்துத் தென்னைகள் மேகத்தினூடே தெரியத் தொடங்கின.

"இப்பிடியே போனா நேரத்துக்குப் போயிரலாம்" என்றாள் குருவம்மாள்.

ஓர் ஓடை குறுக்கிட்ட இடத்தில் வேலுத்தாய் நின்றுவிட்டாள். ஓடையோரம் ஆள் உட்காரும்படி ஒரு பாறை இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஒரு கை வயிற்றுக்குப் போயிற்று. அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மதினி? கால் சுளுக்கிருச்சா?"

வேலுத்தாய் இல்லையென்று தலையசைத்தாள். "திரும்பி ஏறி வர்றப்ப, இந்த எடத்துலதான் புள்ளை அசைவு நின்னுச்சு. மேல போயிச் சேந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. குருவம்மாகிட்டகூடச் சொல்லல. அதுக்கப்பறம் இந்த வழியில நான் வரவே இல்ல."

மூன்று வருஷமாக அழாத அழுகை அங்கே வந்தது. சத்தமாக, மலை கேட்க அழுதாள்.

செல்லக்கிளி பாறையில் நெருங்கி உட்கார்ந்து அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

குருவம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு மேற்கே வெளிச்சத்தைப் பார்த்தாள். "சின்னத்தாயி, மணி நாலு தாண்டிருச்சு. வெரசாப் போகணும். உங்க வீட்டுக்காரரு கெளம்பிருவாரு."

செல்லக்கிளி அசையவில்லை.

"கெளம்பட்டும்" என்றாள். "மதினி அழுது முடிக்கட்டும்."